கடல்மட்டத்தில் 'சுமார்', லேயில் 'நல்லது': ஒரு மாணவரின் உடல்நலச் சுயமதிப்பீடு – நிகழ்வு ஆய்வு

"பொதுவாக உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது?" இந்தக் கேள்விக்கு நாகர்கோவிலில் இருந்தபோது அந்த மாணவர் 'சுமார்' என்று குறித்தார். லடாக்கின் லே நகரில் இறங்கிய மறுநாள், தலைவலியும் குமட்டலும் இருக்க, ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதத்துக்கு இறங்கியிருக்க, 'நல்லது' என்று குறித்தார். ஆறு வாரம் போனது. உடல் அந்த உயரத்துக்குப் பழகிவிட்டது, தலைவலி இல்லை, ஆக்சிஜன் 92க்கு வந்துவிட்டது. அப்போது குறித்தது 'மோசம்'. ஊர் திரும்பிய வாரத்தில் 'மிக நல்லது'. மூன்று மாதம் கழித்து மறுபடியும் 'சுமார்'.

மலையில் எடுத்த இரண்டு விடைகளையும் உடல் அளவுகளுக்குப் பக்கத்தில் வைத்தால், அளவு கெட்டிருந்தபோது விடை நன்றாக இருக்கிறது, அளவு தேறியபோது விடை கெட்டிருக்கிறது. உயரமான பகுதிகளில் படிக்கும் மாணவர்களின் நலத்தை அளக்க இந்த ஒற்றைக் கேள்வியைத்தான் பல இடங்களில் நம்பியிருக்கிறோம். அதனால் இந்த ஒருவரின் விடைகளை அவசரப்பட்டு 'தப்பாகக் குறித்துவிட்டார்' என்று ஒதுக்காமல், ஒவ்வொரு விடையும் எப்படி வந்தது என்று கேட்டு எழுதிவைத்தேன். மாணவரின் சம்மதத்தோடு எழுதியது இது. இந்த வரைவை அவர் முழுதாக வாசித்து, இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார்.

மாணவர்

வயது 22. குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் உள்ள ஒரு கடலோரக் கிராமம். அப்பாவும் அண்ணனும் விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் இவர்தான். நிலவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஆஸ்துமா, ரத்தசோகை, இதயக் கோளாறு எதுவும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. பனி உருகி ஓடும் ஓடைகளில் நீர் எவ்வளவு போகிறது என்று அளக்கும் ஒரு திட்டத்தில் சேர்ந்து, செப்டம்பர் தொடக்கத்திலிருந்து டிசம்பர் வரை லேயில் தங்கினார்.

உயரத்தைப் பொறுத்தவரை நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு முன்அனுபவம் இருக்க வழியில்லை. எல்லையில் நிற்கும் மகேந்திரகிரியின் உச்சியே ஏறத்தாழ 1,650 மீட்டர்தான். மருத்துவத்தில் 'அதிக உயரம்' என்ற கணக்கு பொதுவாக 2,500 மீட்டரில் தொடங்குகிறது. இவர் அதுவரை போன அதிகபட்ச உயரம் சுற்றுலாவில் பார்த்த கொடைக்கானல், சுமார் 2,100 மீட்டர். லே இருப்பது ஏறத்தாழ 3,500 மீட்டரில். அங்கே காற்றில் ஆக்சிஜனின் பங்கு நம் ஊரில் உள்ள அதே 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்தக் கணக்கில் குறைகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, அங்கிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் லேயில் இறங்கிவிடலாம். மணாலி வழியாகச் சாலையில் போகிறவருக்கு உடல் பழகக் கொஞ்சமாவது அவகாசம் கிடைக்கும். விமானத்தில் போகிறவருக்கு அது கிடையாது.

புறப்படும் முன்

களப்பணிக்கு வெளியூர் போகும் மாணவர்களுக்கு எங்கள் துறையில் ஒரு நலப் படிவம் கொடுப்போம். முதல் கேள்வி மேலே சொன்னதுதான். மிக நல்லது, நல்லது, சுமார், மோசம், மிக மோசம் என்று ஐந்து விடைகள். இவர் 'சுமார்' என்று குறித்திருந்தார். ரத்த ஆக்சிஜன் 98 சதவீதம், ரத்த அழுத்தம் சரி, நாடி சரி. 22 வயதில், ஒரு நோயும் இல்லாத ஒரு பையன் 'சுமார்' என்கிறாரே என்று கேட்டேன்.

"அண்ணன் ஐஸ் பெட்டிய ஒத்தைக்குத் தூக்குவான் சார். நான் நாலு பக்கெட் தண்ணி தூக்கினா மூச்சு வாங்குது. பொறவு நல்லதுன்னு எப்படிப் போட?"

கடற்கரையில் வளர்ந்த பையனுக்கு உடல்நலம் என்றால் உழைக்கிற உடம்பு. வலை இழுக்கிற தோள்தான் அவருக்கு அளவுகோல். ஆக்ஸிமீட்டர் காட்டும் 98 அந்த அளவுகோலில் எங்கேயும் இல்லை.

லே: இரண்டாம் நாள்

இந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு விடை ஒருவரை ஆபத்தில் தள்ளியிருக்கக்கூடிய நாள் இது.

அவரோடு அதே திட்டத்தில் சமவெளியிலிருந்து போனவர்கள் சிலர். மறுநாள் காலையில் பாதிப் பேரால் எழவே முடியவில்லை. இவருக்கும் நடுத்தரமான தலைவலி, லேசான குமட்டல், லேசான களைப்பு. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர மலை நோயை அளக்க லேக் லூயிஸ் மதிப்பெண் என்று ஒன்று உண்டு. தலைவலி, வயிற்றுத் தொந்தரவு, களைப்பு, தலைசுற்றல் என்ற நான்குக்கும் ஒவ்வொன்றுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். தலைவலி இருந்து, மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர மலை நோய் என்று கொள்வார்கள். இவருக்கு வந்தது 4. லேசான வகைதான், ஆனாலும் நோய்தான். அதே காலையில் அவர் அனுப்பிய படிவத்தில் 'நல்லது' என்று இருந்தது.

தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்னது: "வந்தவங்கள்ல பாதிப் பேரு படுத்துக் கெடந்தாவ சார். ஒருத்தரு வாந்தி எடுத்துட்டே இருந்தாரு. நான் எழும்பி நடந்து போய் எல்லாருக்கும் சாயா வாங்கிட்டு வந்தேன். அப்போ நான் நல்லாத்தானே இருக்கேன்?"

அவர் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. தலைவலி இருக்கிறதா என்று தனியாகக் கேட்டபோது மறைக்காமல் சொன்னார். மொத்தத்தில் எப்படி என்று கேட்டபோது பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சொன்னார். அண்ணன் இருந்த இடத்தில் இப்போது வாந்தி எடுத்துக்கொண்டிருந்த சக மாணவர் இருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர்களின் களப்பணியை ஏற்பாடு செய்திருந்தவர்கள் ஒரு தாளை நீட்டியிருக்கிறார்கள். 'என் உடல்நலம் நன்றாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டால் மறுநாள் கர்துங் லா கணவாய்க்குப் போகும் வண்டியில் இடம். அந்தக் கணவாய் 5,359 மீட்டர். லேயில் இறங்கி மூன்றாம் நாள், மலை நோய் அறிகுறிகளோடு, இன்னும் 1,800 மீட்டருக்கு மேல் ஏறுவது. நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்தான வகை மலை நோய் பெரும்பாலும் புதிய உயரத்துக்குப் போன இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் தலைகாட்டும். மலை மருத்துவத்தின் அடிப்படை விதியே அறிகுறி இருக்கும்போது மேலே ஏறக்கூடாது என்பதுதான். இவர் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். "எல்லாரும் போறாவ சார்" என்றார். மதிப்பெண் 4 என்பதைச் சொல்லி, "நாளைக்கு எங்கேயும் போகாதே மக்கா, தண்ணி குடிச்சிட்டு ரூம்லயே கெட" என்று நான் சொன்னதால் தங்கிவிட்டார். நான்காம் நாள் தலைவலி விட்டது.

ஒரு கணக்கெடுப்புக் கேள்வியை மலையேற அனுமதிச் சீட்டாக மாற்றுவது எவ்வளவு ஆபத்து என்று இங்கே தெரிகிறது. நலக் கேள்வி ஆளின் மதிப்பீட்டைக் கேட்கிறது. மலையேறலாமா என்பது அறிகுறியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது. இரண்டையும் ஒரே தாளில் கலக்கவே கூடாது.

ஆறாவது வாரம்

அக்டோபர் பாதி தாண்டியிருந்தது. உடல் தன் வேலையைச் செய்திருந்தது. உயரத்துக்குப் போன சில மணி நேரத்திலேயே மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் மாறத் தொடங்கும், அந்த மாற்றம் நாள்கணக்கில் வலுப்படும். சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனின் சுரப்பைக் கூட்டும். அதன் பேரில் சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். ஆறு வாரத்தில் இதில் பெரும்பகுதி நடந்துவிட்டிருக்கும். ஆக்ஸிமீட்டர் 92 காட்டியது. லேக் லூயிஸ் மதிப்பெண் 1, அதுவும் களைப்புக்கு மட்டும். விடை: 'மோசம்'.

முதலில் தூக்கம். நடுராத்திரி மூச்சு நின்றதுபோல் திடுக்கிட்டு எழுவதாகச் சொன்னார். உயரத்தில் இது பரவலாக நடப்பது. அதிகம் மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. குறைந்ததும் தூக்கத்தில் மூளை மூச்சை சில நொடிகள் நிறுத்திவைக்கிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மறுபடி வேகமாக மூச்சு. இப்படி அலை அலையாக ராத்திரி முழுக்க நடக்கும்போது ஆழ்ந்த தூக்கம் துண்டாடப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டிய விஷயம், லேக் லூயிஸ் மதிப்பெண்ணில் முன்பு தூக்கத்துக்கும் ஒரு கேள்வி இருந்தது. 2018 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். தூக்கக் குறைவு மற்ற அறிகுறிகளோடு சரியாகப் பொருந்தவில்லை என்பது அவர்கள் காரணம். உயர மலை நோயைக் கண்டுபிடிக்க அது நியாயமான முடிவு. ஆனால் மாதக்கணக்கில் தங்கிப் படிக்கும் மாணவரைப் பொறுத்தவரை, அவரை வாட்டியதே அந்த மதிப்பெண்ணுக்கு வெளியே போய்விட்டது.

அப்புறம் குளிர். ராத்திரியில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே. வறண்ட காற்றில் உதடு வெடித்து, மூக்கில் ரத்தம் கசிந்தது. சாப்பாடு ஒரு பிரச்சினை. மரச்சீனியும் சாளை மீன் கறியும் தின்று வளர்ந்தவருக்கு அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாடு முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. அறையில் இந்தி, வெளியே லடாக்கி, தமிழில் பேச ஆளில்லை. அப்பா கடலில் இருக்கும் நாட்களில் வீட்டுக்கு அழைத்தாலும் அம்மாவின் குரல் கவலையோடுதான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், கூட்டம் மாறிவிட்டது. சமவெளி மாணவர்கள் பலர் ஒரு மாதத்தில் ஊர் திரும்பிவிட்டார்கள். இப்போது இவர் லடாக்கி மாணவர்களோடு 4,000 மீட்டருக்கு மேலே உள்ள ஓடைகளுக்கு நடக்கிறார்.

"ரூம்ல கூட இருக்க பையன் மேல ஏறும்போது பாட்டு பாடிட்டே போவான் சார். எனக்குப் பேசவே மூச்சு காணாது. அவன் எனக்காக நின்னு நின்னு போறான். வெட்கமா இருக்கு."

அந்த அறைத்தோழருக்கும் இதே படிவத்தை இரண்டு முறை கொடுக்கச் சொல்லியிருந்தேன். அவருக்கு இரண்டு முறையும் ஆக்சிஜன் 90ஐ ஒட்டித்தான் இருந்தது, நம் மாணவரின் 92ஐ விடக் குறைவு. இரண்டு முறையும் 'நல்லது' என்றே குறித்தார். எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, போன குளிர்காலத்தில் இருமலோடு வாரக்கணக்கில் கிடந்ததாகவும், இந்த ஆண்டு அது இல்லை என்றும் சொன்னாராம். அவர் தன்னைத் தன் பழைய உடம்போடு ஒப்பிட்டார். பக்கத்தில் மூச்சு வாங்கும் தென்கோடி மாணவர் அவர் கணக்கில் வரவே இல்லை.

ஆக்ஸிமீட்டர் எண்களைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. விரல் சில்லிட்டிருந்தால் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். லேயில் அறைக்குள் கையைச் சூடாக்கிய பிறகே அளக்கச் சொன்னேன். தோலின் நிறமும் ஒரு விஷயம். கருமையான தோலில் இந்தக் கருவி ஆக்சிஜனை உண்மையைவிடக் கூட்டிக் காட்டும் வாய்ப்பு அதிகம் என்பதை 2020இல் வெளியான அமெரிக்க மருத்துவமனை ஆய்வு எடுத்துக்காட்டியது. குமரிக் கடற்கரைத் தோலையும் லடாக்கித் தோலையும் ஒரே கருவியால் அளந்துவிட்டு, 92 என்பது 90ஐ விட மேல் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரே ஆளுக்குள் 86இலிருந்து 92க்கு ஏறியதை நம்பலாம்.

திரும்பிய பின்

டிசம்பரில் ஊர் வந்த வாரத்தில் 'மிக நல்லது'. மாடிப்படி ஏறினால் ஏறியதுபோலவே இல்லை என்றார். கூடுதல் சிவப்பணுக்களோடு கடல்மட்டத்துக்கு வந்த உடம்புக்கு அது இயல்புதான். தூக்கம், மீன், அம்மா, கடல்காற்று எல்லாம் ஒரே வாரத்தில் திரும்பக் கிடைத்தன. அந்தக் கூடுதல் சிவப்பணுக்கள் சில வாரங்களில் குறைந்துவிடும். மூன்று மாதம் கழித்து 'சுமார்'. இடையில் அண்ணனோடு ஒருமுறை படகில் போயிருந்தார்.

இந்தக் கேள்விக்கு எப்படி இவ்வளவு மதிப்பு வந்தது

கேள்வியைக் குறைசொல்வதற்கு முன் அதன் பெருமையைச் சொல்லியாக வேண்டும். 1982இல் மோசியும் ஷபீரோவும் கனடாவின் மனிடோபா மாகாணத்து முதியவர்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தன் உடல்நலம் மோசம் என்று சொன்னவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, மிக நன்று என்று சொன்னவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. மருத்துவப் பதிவுகளில் இருந்த நோய்களைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. 1997இல் ஐட்லரும் பென்யமினியும் 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் இதே போக்கு தெரிந்தது. மருத்துவரின் கோப்பில் இல்லாத எதையோ ஆள் தனக்குள் அறிந்திருக்கிறார் என்பது உண்மையிலேயே மரியாதைக்குரிய கண்டுபிடிப்பு.

ஆனால் அந்த மதிப்பெல்லாம் முதியவர்களை வைத்து, மரணத்தை உரைகல்லாகக் கொண்டு சம்பாதித்தது. நம் நாட்டில் பெரிய அளவில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதுமை பற்றிய நெடுங்கால ஆய்வும் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. இருபது வயதில் மரணம் அபூர்வம். ஆகவே மாணவர்களிடம் இந்தக் கேள்வி 'சரியாக அளக்கிறது' என்று சொல்ல நமக்கு வேறு உரைகல் வேண்டும். என் பார்வையில், மாணவர்களிடம் இது பெரும்பாலும் தூக்கத்தையும் மனநிலையையும், கூட்டத்தில் தன் இடம் எது என்ற உணர்வையும் காட்டுகிறது. அவை சின்ன விஷயங்கள் இல்லை. ஒரு மாணவர் படிப்பை விடுவாரா தொடர்வாரா என்பதே அவற்றில்தான் இருக்கலாம். ஆனால் அவற்றை 'உயரத்தின் பாதிப்பு' என்று எழுதிவிட்டால் காரணம் தப்பாகிவிடும்.

அதே நேரம், ஒரே ஆளே ஒரே நாளில் விடையை மாற்றவும் கூடும். 1995இல் ஆஸ்திரேலியத் தேசிய நலக் கணக்கெடுப்பில் ஒரு பகுதியினரிடம் இந்தக் கேள்வியை இரண்டு தடவை கேட்டார்கள், நடுவில் வேறு நலக் கேள்விகள். 28 சதவீதம் பேர் இரண்டாம் தடவை வேறு விடை சொன்னார்கள். அந்த அலசலை வெளியிட்டவர்கள் கிராஸ்லியும் கென்னடியும், 2002இல். நடுவில் என்ன கேட்டோம் என்பதே விடையை நகர்த்துகிறது.

இதற்கு மாற்றாக நீண்ட படிவங்களும் உண்டு. சீனாவில் உருவாக்கிய சுயமதிப்பீட்டு உடல்நல அளவுகோலில் 48 கேள்விகள். உடல், மனம், சமூகம் என மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பத்துப் புள்ளிக் கோட்டில் குறிக்க வேண்டும். நம் மாணவருக்கு அதைக் கொடுத்திருந்தால் ஆறாவது வாரத்தில் உடல் பகுதி தாங்கி நிற்க, மனம், சமூகம் இரண்டும் சரிந்திருப்பது தனியாகத் தெரிந்திருக்கலாம். அந்த வகையில் ஒற்றைக் கேள்வியைவிட மேல். ஆனாலும் 48 கேள்வி கேட்டாலும் ஒவ்வொன்றுக்கும் ஆள் யாரையோ பார்த்துத்தான் விடை சொல்கிறார்.

கேரளத்துக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது

2002இல் அமர்த்தியா சென் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவில் ஆயுட்காலம் அதிகமுள்ள கேரளத்தில்தான் தனக்கு நோய் இருப்பதாகச் சொல்வோர் விகிதம் மிக அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்வோர் குறைவு. கேரளத்தைவிட அமெரிக்காவில் இன்னும் அதிகம். படிப்பும் மருத்துவமும் எட்டிய இடத்தில் மனிதர் தன் உடம்பைக் கவனிக்கிறார், குறை தெரிகிறது, சொல்கிறார். எட்டாத இடத்தில் வலியே வாழ்க்கை என்று பழகிவிடுகிறது.

1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டமும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதான். மிஷன் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் இங்கே சீக்கிரமே வந்தன. மார்த்தாண்டத்தில் ஒருவருக்கு இருமல் வந்தால் நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ போய் ஸ்கேன் எடுத்துவிட்டுத்தான் உட்காருவார். இப்படிப்பட்ட ஊரிலிருந்து போகும் மாணவரின் 'சுமார்' என்பதும், மருத்துவமனைக்கு ஒரு நாள் பயணம் செய்ய வேண்டிய மலைக் கிராமத்து மாணவரின் 'நல்லது' என்பதும் ஒரே தராசில் ஏறாது. இரண்டு இடத்து மாணவர்களின் விகிதத்தையும் அட்டவணையில் போட்டு, உயரத்தில் வாழ்வோர் நலமாக இருக்கிறார்கள் என்று முடிவு எழுதுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஒப்பீடு எவ்வளவு தூரம் மனிதரை ஆட்டும் என்பதற்கு நம் மாவட்டத்தோடு சேர்ந்த ஒருவரின் அனுபவமும் உண்டு. நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்த ஹோவர்ட் சாமர்வெல் ஒரு மலையேறியும்கூட. 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிவந்தபோது நெய்யூரில் நோயாளிகள் கூட்டத்தைப் பார்த்து இங்கேயே பணிக்கு வந்தவர். 1924 ஜூன் 4 அன்று, கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல், சக மலையேறி நார்ட்டனோடு ஏறத்தாழ 8,500 மீட்டர் வரை ஏறினார். இறங்கும் வழியில், உறைபனியில் கெட்டுப்போன தொண்டையின் உள்தோல் கழன்று மூச்சை அடைத்தது. சாகப்போகிறோம் என்று உட்கார்ந்தவர், நெஞ்சைக் கைகளால் அழுத்தி அதை வெளியே தள்ளினார். பல நாளாக இல்லாத அளவுக்கு அதன்பின் மூச்சு தாராளமாக வந்தது என்று பின்னர் எழுதினார். பூமியின் மிக உயரமான இடங்களில் ஒன்றில், தொண்டை புண்ணாகி, காற்றில் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே இருந்த நேரம் அது. அந்த நிமிடத்தில் யாராவது இந்தப் படிவத்தை நீட்டியிருந்தால் அவர் எதைக் குறித்திருப்பார்? கேட்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அவர் இருந்த நிலையைத் தெரிந்துகொள்ளாமல் அந்த விடைக்கு அர்த்தமே கிடையாது.

இந்த நிகழ்விலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்

ஒரே ஒரு மாணவரை வைத்து விகிதங்கள் பேச முடியாது. ஆனால் ஒரு கேள்வி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருவரிடம் ஆழமாகப் பார்க்கலாம். இவர் விடைகள் தாறுமாறாக இல்லை. அண்ணன், வாந்தி எடுத்த சக மாணவர், பாடிக்கொண்டே ஏறிய அறைத்தோழர், மலையில் இருந்த தன் உடம்பு, மறுபடி அண்ணன். இந்த ஐந்து ஒப்பீடுகளை அறிந்துகொண்டால் ஐந்து விடைகளும் அச்சு மாறாமல் பொருந்துகின்றன. அறியாவிட்டால் வெறும் இரைச்சல்.

அதனால் சுயமதிப்பீட்டுக் கேள்விக்கு அடுத்த வரியிலேயே இன்னொரு கேள்வி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: 'இதைக் குறிக்கும்போது யாரோடு அல்லது எதோடு ஒப்பிட்டீர்கள்?' விடையை மாணவர் தன் சொந்தச் சொல்லில் எழுத இரண்டு வரி இடம் விட்டால் போதும். மாணவர்கள் தயங்காமல் எழுதுகிறார்கள். முதல் கேள்வியைவிட இதற்கு விடை சொல்வது எளிது என்றுகூட சிலர் சொன்னார்கள்.

பல ஊர்களை ஒப்பிடும் பெரிய ஆய்வு என்றால் இது போதாது. அங்கே நங்கூரக் குறுங்கதை என்ற முறை உதவும். கேரி கிங்கும் உடனிருந்தவர்களும் 2004இல் விளக்கிய முறை இது. 'ஒரு மாணவி இரண்டு மாடி ஏறினால் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் போகிறாள், வாரத்தில் மூன்று ராத்திரி தூக்கம் கலைகிறது. அவள் உடல்நலம் எப்படி?' என்று எல்லா ஊர் மாணவர்களிடமும் கேட்க வேண்டும். நாகர்கோவில் மாணவர் அவளை 'மோசம்' என்றும் லே மாணவர் 'நல்லது' என்றும் சொன்னால், இருவர் அளவுகோலும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அவரவர் தன்னைப் பற்றிச் சொன்னதை அதற்கேற்பத் திருத்திப் பார்க்கலாம்.

அலசலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். மிக நல்லதுக்கு 5, மிக மோசத்துக்கு 1 என்று எண் கொடுத்து சராசரி எடுப்பது. இந்த மாணவரின் ஐந்து விடைகளுக்கு 3, 4, 2, 5, 3 என்று போட்டால் சராசரி 3.4. அந்த எண் அவர் வாழ்ந்த எந்த வாரத்தையும் சொல்லவில்லை. ஒருவரின் விடை எந்தப் பக்கம், எப்போது நகர்ந்தது என்பதுதான் தகவல்.

யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். உயரம் ஒத்துக்கொள்ளாத மாணவர்கள் முதல் மாதத்திலேயே கிளம்பிவிடுகிறார்கள். ஆறாவது வாரத்தில் கணக்கெடுத்தால் தாக்குப்பிடித்தவர்கள் மட்டும்தான் படிவத்தில் இருப்பார்கள். கிளம்பியவர்களின் முதல் வாரப் படிவத்தைத் தூக்கிப் போடக்கூடாது. அதோடு, வீட்டை விட்டு கோயம்புத்தூரிலோ சென்னையிலோ விடுதியில் இருக்கும் மாணவர்களையும் அதே வாரங்களில் கேட்க வேண்டும். சாப்பாடு பிடிக்காமல், தூக்கம் கெட்டு, பேச ஆளில்லாமல் 'மோசம்' என்று குறிக்கிறவர்கள் கடல்மட்டத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் உயரத்தின் பேரில் எழுத முடியும்.

இந்த மாணவரைப் பொறுத்தவரை, ஆறாவது வார 'மோசம்' விடைக்குப் பிறகு நடந்தவை எளிமையானவை. மருத்துவரிடம் காட்டித் தூக்கத்துக்கு ஆலோசனை பெற்றார். களத்துக்குப் போகும் வேகத்தைக் குறைக்கும்படி திட்டப் பொறுப்பாளரிடம் பேசினோம். அம்மா இன்னொரு பொட்டலம் கருவாடு தபாலில் அனுப்பினார். லேயில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பம் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிட்டது. ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இவற்றில் ஒன்றும் நடந்திருக்காது. இரண்டாம் நாள் விடையை மட்டும் பார்த்திருந்தால் அவர் கர்துங் லாவுக்கு வண்டி ஏறியிருப்பார்.

எங்கள் துறைப் படிவத்தில் இப்போது மாற்றம் வந்துவிட்டது. ஒற்றைக் கேள்வி முன்போலவே தாளின் முதல் வரியில், நோய்ப் பட்டியலுக்கு முன்னால் வருகிறது. அதை ஒட்டி ஒப்பீட்டுக் கேள்வி. தூக்கத்துக்குத் தனியாக மூன்று வரி. 2,500 மீட்டருக்கு மேலே போகிறவர்கள் முதல் ஐந்து நாளும் லேக் லூயிஸ் மதிப்பெண்ணைத் தினமும் காலையில் அனுப்ப வேண்டும். தலைவலியோடு 3 வந்தால், 'நல்லது' என்று குறித்திருந்தாலும், அன்றைக்கு மேலே ஏறக்கூடாது. அடுத்த செப்டம்பரில் லே போகப் பெயர் கொடுத்திருக்கும் தோவாளைப் பக்கத்து மாணவி ஒருவர் புதிய படிவத்தை முதலில் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். விடை 'நல்லது'. ஒப்பீட்டு வரியில், 'போன வருஷம் டெங்கு வந்து படுத்திருந்த என்னோடு' என்று எழுதியிருக்கிறார்.